நீல விளக்கு விழுந்த வட்டம்

கண்ணாடிக்கடியில் ஒரு செல் செத்துக் கிடந்தால், அதைக் கொன்றது மருந்துதான் என்று அடித்துச் சொல்வீர்களா? ருமேனியாவின் தீமிஷ்வாரா நகரத்துப் புற்றுநோய் ஆய்வகம் ஒன்றில் படித்தவர்கள் ஒரு கூட்டமே அப்படிச் சொன்னது. மறுத்தவள் ரோதிக்கா ஒருத்திதான்.

ரோதிக்கா அந்த ஆய்வகத்தில் பதினேழு வருஷம் சிப் வார்த்தவள். நகத்தளவு ரப்பர் துண்டில் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால்கள். அவற்றில் நோயாளியின் புற்றுநோய்ச் செல்களை விட்டு, ஒன்றில் புது மருந்தையும் இன்னொன்றில் வெறும் ஊட்டநீரையும் ஓடவிடுவாள். ஒவ்வொன்றுக்கும் அடியில் தீப்பெட்டி அளவு நுண்ணோக்கி ஒன்று மூன்று நாள் படம் எடுக்கும். மருந்து ஓடிய செல்கள் செத்தால், மருத்துவமனை அந்த நோயாளியைப் புது மருந்துக்கு மாற்றும்.

பதினான்காவது நோயாளி டிராம் ஓட்டுகிற அக்லாயா. மாதிரி வாங்கப் போனபோது அவள் ரோதிக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத்தான் யாரும் அழகாப் படம் புடிச்சதில்ல. என் செல்லையாவது நல்லாப் புடிங்கம்மா" என்று சிரித்தாள்.

படம் வந்ததும் சிப்பை எறிந்துவிடுவது வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை ரோதிக்கா எறியாமல், அக்லாயாவின் சிப்பைப் பெரிய நுண்ணோக்கியில் வைத்தாள். மருந்து ஓடிய வாய்க்காலில் செல்கள் ஒரு வட்டத்துக்குள் மட்டும் செத்திருந்தன. வட்டத்துக்கு வெளியே, அதே மருந்தில் நனைந்த செல்கள் கொழுத்துப் பெருகியிருந்தன. அந்த வட்டம், ஒவ்வொரு படத்துக்கும் குட்டி நுண்ணோக்கியின் நீல விளக்கு விழுகிற இடம். கொன்றது வெளிச்சம்.

அப்படியானால் ஊட்டநீரில் மட்டும் ஏன் சாகவில்லை? அவளுக்குக் காரணம் தெரியும். மருந்து வாய்க்காலை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்தார்கள். 'அங்கே என்ன நடக்கப்போகிறது' என்று ஊட்டநீர் வாய்க்காலை மணிக்கு ஒரு படம். கணினியில் இடம் மிச்சம். பன்னிரண்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் அதன் மேல் விழுந்தது.

திங்கட்கிழமை அக்லாயாவுக்கு மருந்து மாற்றுவதாக இருந்தது. பழைய மருந்து அரைகுறையாகவாவது கேட்டுக்கொண்டிருந்தது. ரோதிக்கா ஆய்வகத் தலைவரான பேராசிரியர் ஹொராத்சியுவிடம் போனாள்.

"அச்சு வார்க்கிறவங்க ஆராய்ச்சி பண்ணக் கிளம்பினா, நான் போய் ரப்பர் கலக்கட்டுமா?" என்றார்.

"கலக்குங்க சார். அதுக்குள்ள ரெண்டுக்கும் ஒரே வெளிச்சம் போட்டு ஒரு தடவை ஓட்டிடறேன். மருந்து மாத்தறதை மூணு நாள் தள்ளிப் போடச் சொல்லுங்க."

"பதிமூணு பேருக்கு மாத்தியாச்சு ரோதிக்கா. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நெசத்தைச் சொல்லுங்க."

அவர் கதவைக் காட்டினார். அவள் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்குப் படங்களோடு கடிதம் எழுதினாள். குழு அதை யாரிடம் கருத்துக் கேட்டு அனுப்பியது தெரியுமா? அதே பேராசிரியரிடம். பயிற்சியில்லாத ஊழியரின் குழப்பம் என்று அவர் ஒரு வரி எழுதி முடித்தார்.

இதற்கிடையில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அவள் அக்லாயாவின் மிச்சச் செல்களைப் புது சிப்பின் ஊட்டநீர் வாய்க்காலில் விட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விளக்கைப் போட்டு ஓட்டினாள். மருந்து ஒரு சொட்டுகூட இல்லை. செவ்வாய்க்கிழமை பார்த்தால் வட்டத்துக்குள் எல்லாம் செத்திருந்தன. அதற்குள் அக்லாயாவுக்கு மருந்தை மாற்றிவிட்டார்கள். இந்தப் படங்களையும் அனுப்பினாள்; குழு பழைய பதிலையே திருப்பி அனுப்பியது. ஏழாவது வாரம் அவள் இறந்தாள். கோப்பில் 'நோய் முற்றியது' என்று எழுதினார்கள். அந்த வருஷம் ரோதிக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தீட்டுகிறாள்.

அந்தத் தீப்பெட்டி நுண்ணோக்கி இன்னும் அதே கணக்கில் ஓடுகிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படிச் சோதித்து மருந்து சொன்னால், மருந்து படாத செல்களுக்கும் இதே அளவு வெளிச்சம் போட்டீர்களா என்று கேளுங்கள். அந்தப் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.