கப்பல் பெயருக்கு நான் போட்ட ஃபீட்

பிரௌசிங் சென்டர் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த ஏசிக் குளிர்... கூடவே உள்ளே நுழையும் கடல் வாசம். பீச் ரோட்டில் என் கடை. உப்புக்காற்றில் கீபோர்டெல்லாம் பிசுபிசுக்கும். ஓர் எழுத்தை அமுக்கினால் மூன்று விழும்.

ஃபீட் என்றால் என்னவென்று தூத்துக்குடியில் முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும் இன்ஜினியர் பையன்கள் என்னிடம் வந்துதான் கேட்பார்கள். வெப்சைட் ஓரத்தில் ஆரஞ்சுக் கலரில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கி, ரீடர் என்கிற இன்னொரு சைட்டில் சேர்த்துவிட்டால், அங்கே புதிதாக எது வந்தாலும் நம்மைத் தேடி வரும். உப்பளத்து அண்ணாச்சிக்கு மழைச் செய்தி, விளாத்திகுளத்து வியாபாரிக்கு மிளகாய் விலை என்று ஊருக்கே பிரித்துக் கொடுத்தேன். ஹார்பர் ஆபீசர்களே என் வாசலில் வரிசையில் நின்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் அத்தான், அதாவது என் அக்கா புருஷன், சரக்குக் கப்பலில் ஃபிட்டராகப் போயிருந்தார். வாரத்துக்கு ஒரு தடவை கப்பல் போனிலிருந்து கூப்பிடுவார். ஒரு தடவை வரவேண்டிய போன் வரவில்லை. ஏஜெண்டைக் கேட்டால் மழுப்பினார். கப்பல் போன பக்கம் புயல் என்று டிவியில் வேறு காட்டினான். அக்கா சாப்பாட்டையே விட்டுவிட்டாள். மத்தியானமானால் கடைக்கு வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். ஹார்பரில் ஏதாவது ஒரு கப்பல் ஊதும்... நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள்.

அப்போதுதான் உலகத்தில் யாருக்கும் தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றியது. வெளிநாட்டில், கரையில் நின்று போகிற வருகிற கப்பலையெல்லாம் போட்டோ எடுத்து ஒரு சைட்டில் போடுகிற ஆட்கள் உண்டு. அந்த சைட்டில் அத்தான் கப்பலின் பெயரைத் தேடி, அந்தத் தேடலுக்கே ஒரு ஃபீட் போட்டேன். எந்த நாட்டுக்காரன் படம் எடுத்தாலும் அது பீச் ரோட்டுக்கு வந்தாக வேண்டும்.

தினமும் பார்ப்போம்... ஒன்றும் இருக்காது.

ஒரு மத்தியானம் அந்தப் பெயர் ரீடரில் தடித்த எழுத்தில் நின்றது. முந்தின நாள் எடுத்த படம். ஏதோ ஒரு ஜலசந்தி. பச்சைத் தண்ணீர், லேசான பனி, நடுவில் கனவு மாதிரி கப்பல். மேல்தளத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

"கப்பல் நல்லாத்தான் போவுது, பாத்தியாக்கா" என்றேன்.

"கப்பல் போனா போதுமாலே? ஆளைக் காணலியே."

படத்தைப் பெரிதாக்கினேன். பின்பக்கக் கம்பியில் ஏதோ துணி. அக்கா மூக்கு திரையில் இடிக்கக் குனிந்தாள். நீலக் கட்டம் போட்ட லுங்கி, எங்கள் ஊர்ப் பேச்சில் சாரம், காற்றில் உப்பிக்கொண்டு...

"ஏலே, இது நான் எடுத்துக் குடுத்த சாரம்லா." திரையில் அதை விரலால் தொட்டாள். "துவைச்சுக் காயப்போட்டிருக்காரு. அப்போ நல்லாத்தான் இருக்காரு."

அன்றைக்கு எனக்கு வைத்திருந்த சோற்றையும் அவளே சாப்பிட்டாள். அடுத்த துறைமுகத்தில் அத்தான் போன் வந்தது. கப்பலில் போன்தான் கெட்டுப்போயிருந்ததாம்.

இப்போது அக்கா மகன் கப்பலில் போகிறான். தினமும் வீடியோ காலில் வந்து நிற்கிறான். கப்பல் எங்கே நிற்கிறது என்று செல்போனில் ஒரு ஆப் புள்ளி வைத்துக் காட்டுகிறது. அந்த ரீடரை எப்போதோ மூடிவிட்டார்கள். என் கடையிலும் இப்போது செல்போன் கவர்தான் தொங்குகிறது. நான் கேட்காததெல்லாம் போனில் தானாக வந்து குவிகிறது...

எத்தனையோ முகங்கள். ஆனால் ஆளே இல்லாத அந்தப் படத்தில் அத்தானைப் பார்த்த மாதிரி, இன்றுவரை நான் யாரையும் பார்த்ததில்லை.