பத்தில் மூன்று போனால்

எம்.சி.ஏ. கடைசி வருடம். வகுப்பில் எல்லோரும் நூலகம், மருத்துவமனை என்று புராஜெக்ட் செய்துகொண்டிருக்க, பெர்ல் என்ற நிரல்மொழியில் ஒரு குட்டிக் கணினியையே எழுதுவேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். நிஜக் கணினிக்குள் ஓடும் பொய்க் கணினி. எண்களை அது மெஸ் தட்டுகள் மாதிரி அடுக்கி வைக்கும். கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். மேலிருந்து இரண்டை எடு, கூட்டு அல்லது கழி, விடையை மறுபடி மேலே வை. அவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு புராஜெக்டா?" என்ற துறைத்தலைவரிடம் சண்டை போட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். பெங்களூரில் வேலை காத்திருந்தது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தேறாவிட்டால் அது போச்சு.

என் புராஜெக்ட் கூட்டாளி கோவைப் பக்கம் கருமத்தம்பட்டிக்காரன். இயந்திரத்தை நான் எழுதினேன். அதைச் சோதிக்கும் சின்னச் சின்ன நிரல்களை அவன் எழுதினான். எனக்கு வாய் நீளம், அவனுக்கு வாயே கிடையாது. ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தான்.

"ஏனுங்க, கழிச்சா மைனஸ்ல வருதுங்க."

"நீங்க தப்பாப் போட்டிருப்பீங்க. ஒழுங்காப் போட்டுப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

"சரிங்க" என்று போய்விட்டான். அதற்குப் பிறகு எல்லா விடையும் சரியாகவே வந்தது.

வைவாவுக்கு வந்த வெளியூர்த் தேர்வாளர் எங்கள் சோதனைத் தாள்களைத் தொடவே இல்லை. கீபோர்டை இழுத்துத் தானே தட்டினார்: பத்தை வை, மூன்றை வை, கழி. திரையில் மைனஸ் ஏழு.

"ஏம்மா, பத்துல மூணு போனா மைனஸ் ஏழா?"

நிரலை மேலும் கீழும் ஓட்டினேன். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம்தான் உறைத்தது. முதலில் கைக்கு வருவது மூன்று. நான் அதிலிருந்து பத்தைக் கழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். ஏழு வந்தது.

அவர் விடவில்லை. "இப்ப உங்க சோதனையெல்லாம் ஓட்டுங்க."

ஓட்டினேன். கழித்தல் வந்த இடமெல்லாம் மைனஸ். தாளைப் புரட்டினார். எல்லாவற்றிலும், பக்கத்தில் நின்ற என் கூட்டாளி சிறிய எண்ணை முதலில் வைத்துப் பெரியதைப் பிறகு வைத்திருந்தான். என்னைத் தப்பு என்று சொல்ல மனம் வராமல், என் தப்புக்குத் தகுந்தபடி தன் வேலையைத் திருப்பிப் போட்டிருக்கிறான்.

"யார் எழுதினது? தெரிஞ்சே மறைச்சீங்களா?"

"நாந்தாங்க. புரியாம மாத்தி எழுதிப்போட்டேனுங்க" என்றான், தரையைப் பார்த்து.

தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவன் என்னிடம் முன்பே சொன்னான் என்று ஒரு வாக்கியம் போதும். ஊரையே வாயால் அடக்கும் எனக்கு அன்று அது வரவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நான் தேறினேன். அவனை ஆறு மாதம் கழித்து மறுபடி வரச்சொல்லிவிட்டார்கள்.

பெங்களூர் பஸ் ஏற்றிவிட காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு அவன்தான் வந்தான். பெட்டியை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றான்.

"ஏனுங்க, கழித்தல் இப்பச் சரியா வருதுங்களா?"

"வருதுங்க" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.