நூர்தீன் பாஸின் அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்

நூர்தீன் பாஸ் தனக்கு ஒரு புத்தகம்கூட இரவல் தரவில்லை என்ற கோபம் மனுவேலுக்குப் பதினெட்டு வருடமாக ஆறவில்லை. கேட்டது ஒரே ஒரு முறை. கண்டக்குழியில் கருவாடு காயவைக்கிற வாடி அவனுடையது. "கோவிக்கப்படாது மனுவேல், ஒங்கட கையில கருவாட்டு மணம். தாள்ல ஏறினா போகாது" என்று சொல்லிவிட்டார் அந்த மனிதர்.

அவர் என்ன, அரசாங்கக் கச்சேரியில் பேனா பிடிக்கிற உத்தியோகத்தரா? படகு என்ஜின் திருத்துகிற கைவேலைக்காரர், அதனால்தான் 'பாஸ்'. நகக்கண்ணெல்லாம் கறுப்பு எண்ணெய். அந்தக் கையை மண்ணெண்ணெயில் கழுவி, சவர்க்காரம் போட்டு, உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவார். உப்புக்காற்றுப் படாமல், மீன் ஏற்றுகிற வெள்ளை நுரைப் பெட்டிகளுக்குள், அதுதான் றெஜிபோம் பெட்டிகளுக்குள், அடுக்கி வைத்திருந்தார். அந்தப் பெட்டிகளைக் கழுவிக் கொடுத்தது யார்? மனுவேல்தான்.

"பெட்டிக்கு மணமில்ல, எனக்குத்தான் மணமோ?" என்று வீட்டில் வந்து கத்தினான்.

"அஞ்சாம் வகுப்போட நின்ட ஆள், புத்தகம் வாசிச்சு என்ன பிஷப்பா ஆகப்போறீங்க?" என்றாள் மனைவி மெரினா.

தொண்ணூறில், சண்டைக்குள் முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தபோது பாஸின் கையில் ஒரு ஸ்பெனர் பை மட்டும்தான். அங்கே வைத்திருந்த புத்தகமெல்லாம் போயிற்று. இங்கே வந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார். தலவில தேவாலயத் திருவிழாக் கடைகளில்கூடப் பழைய புத்தகம் தேடி அலைகிற ஒரே முஸ்லிம் அவர்தான் என்று சனம் சிரிக்கும்.

போன வருடம் சீனி வியாதி அவருடைய கண் பார்வையை எடுத்துவிட்டது. மகள் அமானி கொழும்பில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். "நோன்புக்கு முதல் வந்துடுங்க வாப்பா. புத்தகத்துக்குத்தான் இடமில்ல. பட்டியல் போட்டு ஒன்லைன்ல விடுங்க, ஆராவது கேப்பாங்க" என்றாள். சும்மா கொடுக்க பாஸ் தயார்தான். ஆனால் சனம் வாசிக்கிற ஓர் இடத்துக்கு, அதுவும் மொத்தமாகப் போக வேண்டும். மனுசனுக்கு வேறு ஆசையே இல்லை.

ஊரில் ஒன்லைன் தெரிந்தவன் மனுவேல். படம் போட்டே கொழும்புக்குக் கருவாடு விற்கிறவன். பாஸ் ஆளனுப்பினார். வயிற்றெரிச்சலோடுதான் போனான்.

இரண்டு மாதம், கருவாடு வெயிலில் கிடக்கிற மத்தியானங்களில் வேலை நடந்தது. மனுவேல் அட்டையைப் படம் பிடித்து, பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பான். பாஸ் புத்தகத்தைத் தடவிப் பார்த்து, வாங்கிய ஊரையும் வருடத்தையும் சொல்வார். அதைக் கட்டைவிரலால் குத்திக் குத்திப் போனில் பதிவான். ஒரு நாள் ஒரு கதைப் புத்தகத்தின் முதல் பக்கம் பிடித்துப்போய் அடுத்ததையும் புரட்டினான்.

"என்ன, சத்தத்தக் காணல?"

"இந்தப் பொம்புள கிணத்துல விழுந்தாளா இல்லையா பாஸ்?"

"அத மூடுங்க. அடுத்தத எடுங்க."

அவ்வளவுதான் மனுசன்.

அறுநூற்றுப் பன்னிரண்டும் ஏறிய இடம் 'மனுவேல் கருவாடு' என்ற பக்கம். அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். கீழே சனம் எழுதியதை வாசித்துக் காட்டினான்: "அண்ணே, கட்டாக் கருவாடு கிலோ என்ன விலை?" "புத்தகத்துல சுத்தியா தருவீங்க?"

பாஸ் முதல் நாள் சிரித்தார். மூன்றாம் வாரம் சிரிக்கவில்லை. அமானி திட்டி வேறு பக்கம் திறந்து கொடுக்க, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினான். அங்கே கருவாடு கேட்கவும் ஆளில்லை. இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு போன் எடுத்துக் கேட்டான். இடமில்லை என்றார்கள்.

கடைசியில் ஒருவர் வந்தார். கடற்கரையில் புது லொட்ஜ் கட்டுகிற றவூப் முதலாளி.

"சிவப்பு அட்டையும் நீல அட்டையும் எத்தின அடி வரும், நூர்தீன் காக்கா?"

"அடியா?" என்றார் பாஸ்.

"வாசல்ல அழகுக்குப் பன்னெண்டு அடியில புத்தக றாக்கை அடிச்சிருக்கம். வெள்ளக்காரனுக்குத் தமிழ் விளங்கவா போகுது? நெறம் சரியா இருந்தாப் போதும்."

மனுவேல் எழும்பினான். "பாஸ், இந்த ஆள அனுப்பவா?"

நோன்புக்கு நாலு நாள்தான் இருந்தது. பாஸ் பக்கத்திலிருந்த பெட்டியின் மூடியைத் தடவி அழுத்தி மூடினார். பிறகு, "தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

சிவப்பும் நீலமும் லொறியில் ஏறின. மிச்சத்தை மறுநாள் பழைய இரும்புக்காரன் சாக்கில் அள்ளிக்கொண்டு போனான். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாஸ் மனுவேலிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

கொழும்புக்குப் போக வான் வந்தது. பாஸ் முன் சீற்றில் ஏறி, கையை வெளியே நீட்டி மனுவேலின் தோளைத் தேடிப் பிடித்தார்.

"பட்டியல அழிக்க வேணாம். ஒவ்வொன்டுக்கும் பக்கத்தில 'கறையான் தின்டது' என்டு போட்டு விடுங்க. ஆரும் கேக்கல என்டு இருக்கப்படாது, மனுவேல்."