மாசி மக வெயிலில் கழற்றாத சட்டை

பெண் பார்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அன்று பார்க்கப்பட்டவர் என் சித்தப்பா. அதுவும் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளைக் கடற்கரையில், மாசி மகத்தன்று, உச்சி வெயிலில்.

சித்தப்பா பிறவியிலேயே வெள்ளை. தோல், தலைமுடி, இமை எல்லாம் வெளுப்பு. வெளிச்சத்தில் கண் கூசும், பார்வையும் மட்டு. இப்போது நான் சிதம்பரத்தில் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். தோலுக்கு நிறம் தருகிற பொருள்தான் வெயிலையும் தடுக்கிறது என்று பாடம் வந்த அன்று, எழுந்து நின்று கேள்விமேல் கேள்வி கேட்டுப் பேராசிரியருக்கு மணியடித்ததுகூடக் கேட்காமல் செய்துவிட்டேன். அன்றைக்குச் சின்னப் பெண்ணான எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? சித்தப்பா வெள்ளை, அவ்வளவுதான்.

கடலூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி ஒன்றில் எடை போடுகிற வேலை அவருக்கு. விடியுமுன் போவார், இருட்டியபின் வருவார். நடுவில் எங்காவது போக நேர்ந்தால் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், கழுத்தைச் சுற்றித் துண்டு, மேலே கறுப்புக் குடை. தெருப் பிள்ளைகள், "தொர வர்றாரு, எழுந்திரிங்கடா!" என்று கத்துவார்கள். "ஒக்காருங்கடா, தொர இன்னிக்கி லீவு" என்பார் அவர்.

முதலில் இவ்வளவு கெடுபிடி இல்லை. ஒருமுறை காதுக்குப் பின்னால் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் நின்றது. பாண்டிச்சேரிக்குப் போய் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் அதைப் புற்று என்றாராம். வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் வைக்கவில்லை, 'புண்ணு' என்று சுருக்கிக்கொண்டார்கள். இந்தத் தோலுக்கு வெயில் ஆகாது என்று டாக்டர் சொன்னதைச் சித்தப்பா மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். உறவுக்காரர்கள் பகட்டு என்றார்கள். வெளியார் நினைத்தது வேறு. இப்படி மூடிக்கொண்டு திரிகிறவன் எதையோ மறைக்கிறான், குஷ்டமாக இருக்கும். வந்த சம்பந்தமெல்லாம் வந்த வழியே போயிற்று.

அப்புறம் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பெண் வந்தது. பெண்ணுக்கு எல்லாம் தாய்மாமாதான். ஸ்ரீமுஷ்ணத்துச் சாமி மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடலுக்கு வரும்போது அவர்கள் வருஷா வருஷம் கூட வருவார்களாம். அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா சொல்லி அனுப்பினார். அதில் ஒரு சூழ்ச்சி இருந்தது அப்பாவுக்குத் தெரியவில்லை.

பாசஞ்சர் வண்டியில் போய் இறங்கி நடந்தோம். மணல் கொதித்தது. கரையில் பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் கீற்றுக் கொட்டகை போட்டு நன்னாரி சர்பத் விற்றுக்கொண்டிருந்தார். "உள்ள வாங்க தம்பி, வெயிலு ஜாஸ்தி" என்று சித்தப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் மேளம் கேட்டது. சாமிக்கு முன்னால் குடை பிடிக்கலாமா? எல்லாக் குடையும் மடங்கியது. ஆண்கள் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டினார்கள். கண்ணுக்கு எட்டியவரை வெற்று முதுகுகள். பெண்ணின் மாமா நேராகக் கொட்டகைக்கு வந்தார்.

"இன்னா தம்பி, சாமி வந்துடுச்சி. சட்டய கழட்டிட்டு வாங்க, ஒண்ணா ஒரு முழுக்கு போட்டுட்டு வருவோம்."

"நீங்க போயிட்டு வாங்க மாமா. நான் பொழுது சாஞ்சி முழுவறேன்."

"சாமி அதுவரைக்கும் ஒங்களுக்காவ நிக்குமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. சித்தப்பாவின் காதோரம் குனிந்து, "ஒரு முழுக்குதானேடா, நிமிஷ வேல. வெயிலு இன்னா ஒன்ன தின்னுடுமா?" என்றார்.

"தின்னுடும்ணா."

மாமா விடவில்லை. "ஒடம்புல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க தம்பி. நான் பொண்ணு குடுக்கறவன்."

"பாக்கறதுன்னா பாருங்க மாமா. இங்க நெழல்ல பாருங்க" என்று சித்தப்பா கொட்டகையின் உள்பக்கம் போய்ச் சட்டையைக் கழற்றினார். பாய் ஒரு சாக்கை இழுத்து மறைப்புக் கட்டினார். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றேன். மாமா சந்தையில் மாடு பார்க்கிறவர் மாதிரி சுற்றி வந்தார். படை இல்லை, தழும்பு இல்லை. காதுக்குப் பின்னால் வந்ததும் நின்றார்.

"இது இன்னா வடு?"

"சின்ன வயசுல கீழ வுழுந்துட்டான்" என்றார் அப்பா அவசரமாக.

"இல்ல மாமா. ஆறாத புண்ணு. வெட்டி எடுத்தாங்க" என்றார் சித்தப்பா.

"மறுபடி வருமா?"

"வெயில்ல அலைஞ்சா வரும். அதுக்குத்தான் இந்தக் குடையும் சட்டையும். வரவே வராதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன்."

அப்பா கண்களை மூடிக்கொண்டார். மாமா இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்.

நான் வெளியே வந்தேன். கொட்டகையின் மறுபுறம் அந்தப் பெண் நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"ஏ பொண்ணே, இங்க வா. ஒங்க சித்தப்பா தெனமும் இப்படித்தானா, இல்ல இன்னிக்கி எங்களுக்காவ வேஷமா?"

எனக்கு வாய் நிற்குமா? "தெனமும்தான். பால் வாங்கப் போனாக்கூடக் குடைதான். வெள்ளிக்கெழம காத்தால ஜன்னல் கிட்ட ஒக்காருவாரு. அவருக்குக் கண்ணு சரியா தெரியாதில்ல, அதனால காது, கழுத்து, முதுகு எல்லாம் நான்தான் பாக்கணும். புதுசா மச்சம், சொரசொரப்பு, புண்ணு எது இருந்தாலும் சொல்லணும்."

"ஒரு வாரம்கூட வுடமாட்டாரா?"

"எனக்கு ஜொரம் வந்தாலும் வுடமாட்டாரு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சித்தப்பா சட்டைப் பொத்தானைப் போடுவதைச் சாக்கு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் வண்டி ஏறித் திரும்பினோம். அடுத்த வாரமே, பெண்ணுக்குச் சம்மதம் என்று ஆள் வந்தது. மாமா வேண்டாம் என்றாராம், பெண் பிடித்த பிடியில் நின்றாளாம். வைகாசியில் திருவந்திபுரத்தில் கல்யாணம். முகூர்த்தம் விடியுமுன் இருக்கவேண்டும் என்று கேட்டவர்கள் பெண் வீட்டார்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, முகம் கழுவிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். அங்கே சித்தி நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பாவின் காது மடலை மடக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்துக்கறேன், நீ போயி வெளையாடு" என்றாள்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். என் வேலையை நேற்று வந்தவள் பிடுங்கிக்கொண்டாளே! போகாமல் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தி கழுத்தைப் பார்த்து, முதுகைப் பார்த்து, விரலால் தடவியும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க" என்றாள். சித்தப்பா சட்டையை எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துச் சொல்லும்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். காலையில் சீக்கிரம் எழுந்ததால் தூக்கம் போல என்று நினைத்துக்கொள்வேன். அன்றும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சித்தி ஏன் பக்கத்திலேயே, அவர் கண் திறக்கும்வரை நின்றாள் என்றுதான் அப்போது விளங்கவில்லை.