ஒரே லைனில் இரண்டு பேர்

மாமியின் மகளான மச்சாளுக்கும் எனக்கும் ஒரே வயது, பன்னிரண்டு. அந்தப் பள்ளி விடுமுறை முழுவதும் வாவிக்கரையில் இருந்த மாமி வீட்டில் நாங்கள் கணினியில் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிப்பதாக மாமி அயலுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

மச்சாளின் அண்ணன் பாசிக்குடாவில் ஹோட்டல் வேலைக்குப் போனபோது தன் இரண்டு பழைய கணினிகளையும் எங்களுக்கு விட்டுப் போயிருந்தார். ஜன்னலில் இருந்த ரவுட்டரிலிருந்து என் கணினிக்கு வயர் வந்தது. மச்சாளுடையது பக்கத்து அறையில், வைஃபையில். போகுமுன் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"செட்டிங்ஸ்ல ரேட் எண்டு ஒரு நம்பர் கிடக்கு. அதில மட்டும் கை வைக்காதீங்க. இந்த லைன் அவ்வளவுதான் தாங்கும்."

ஒரு செக்கனுக்கு எவ்வளவு தரவு அனுப்பலாம் என்று விளையாட்டின் சேர்வருக்குச் சொல்லும் எண் அது.

எங்கள் அணியில் ஐந்து பேர். மற்ற மூவரும் தங்கள் வீடுகளிலிருந்து இணையத்தில் சேர்ந்துகொள்ளும் காத்தான்குடிப் பெடியன்கள். அவர்களில் ஒரு துணிக்கடைக்காரரின் மகன்தான் கப்டன். குறி தப்பாமல் சுடுபவள் மச்சாள்தான். அவளுக்காகத்தான் என்னையும் சேர்த்திருந்தார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

சனிக்கிழமை பின்னேரம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்களுடன் போட்டி. ரேட்டை உச்சத்தில் வைத்தால் எதிரியை முந்திக் காணலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். காலையிலேயே என் கணினியில் மட்டும் கூட்டி வைத்தேன். மச்சாளிடம் மூச்சு விடவில்லை.

பத்துப் பேரும் ஒன்றாகச் சுடத் தொடங்கியதும் லைன் திணறியது. வயரில் இருந்த எனக்குப் படம் இடையிடையே துள்ளியதோடு சரி. மச்சாளுக்குப் பாதித் தரவு வந்து சேரவேயில்லை. அவள் திரையில் நின்ற ஆள் உண்மையில் எப்போதோ நகர்ந்து போயிருந்தான். அவள் வெறும் சுவருக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் அவளை விட அதிகம் பேரை வீழ்த்தினேன்.

மூன்றாவது சுற்றில் கப்டனின் குரல் எல்லோருடைய காதிலும் கேட்டது.

"நீங்க எழும்புங்க புள்ள. சுட்டா ஒண்டும் படுதில்ல. வேற ஆள் வரட்டும்."

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்த மாமிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். நான் கடைசிவரை விளையாடினேன். தோற்றுத்தான் போனோம். ஆனாலும் கப்டன் என்னைப் பாராட்டினான்.

மறுநாள் என் கணினியில் விளையாட்டை ஓடவிட்டு, அவளுடைய கணினியில் இருந்து விளையாடிப் பார்த்தேன். திரையின் மூலையில், இழந்த தரவைக் காட்டும் எண் சிவப்பாக ஏறிக்கொண்டே போனது. ஓடிப்போய் என் ரேட்டைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். சிவப்பு மறைந்து பூச்சியமானது. செய்த பிழையைத் திருத்திவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு அவளைக் கூப்பிட்டேன்.

"வா கா, இப்ப லைன் நல்லாக் கிடக்கு."

கிணற்றடியில் தலை துவட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பிழை லைன்ல இல்ல கா. எனக்குத்தான் கை சரியில்ல. நீ விளையாடு."

அதன் பிறகு அவள் அந்தக் கணினியைத் தொடவேயில்லை. அவள் சொன்ன பதில் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இன்றும் மறக்க முடியவில்லை. அவளுக்கு என் மேல் சந்தேகம் இல்லை, நான் தப்பிவிட்டேன், அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. தன் கையிலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது என்பது அந்த வயதில் எனக்குக் கேட்கவில்லை.