ஆட்டுக்கு நேர்ந்த வெள்ளிக்கால்

"ஏண்டியம்மா, அடுப்புல வெஞ்சனம் தீயுது, உனக்கு நான் கோயில்ல போட்ட வெள்ளிக்காலுதான் முக்கியமா? அம்புட்டையும் தெரிஞ்சு வச்சு என்ன பண்ணப் போற?" என்று மருமகளைத் திட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள். கேட்காமல் விடமாட்டாள்.

செம்பட்டி ரோட்டில் ஆடுகளை வைத்து மருத்துவ ஆராய்ச்சி செய்யும் இடத்தில் தீவனம் போடும் வேலை பார்த்தேன். அங்கே ஒரு செம்மறிக் கிடாவின் முட்டிக்குள் எலும்புகளை இழுத்துக் கட்டியிருக்கும் நாரை எடுத்துவிட்டு, செயற்கை நூலில் பின்னிய நாடாவை வைத்துத் தைத்திருந்தார்கள். மனிதர்களுக்கு வைப்பதற்கு முன்னால் ஆட்டுக்கு வைத்துப் பார்க்கிறார்களாம்.

"சின்னாளபட்டித் தறியில ஓட வேண்டிய நூலை ஆட்டு முட்டியில ஓட்டியிருக்கீகளே, தாயி" என்றேன். அந்த ஆராய்ச்சியைச் செய்த டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

கிடாவுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன். வேலை கிடையாது, வேளைக்குத் தீனி, வருகிறவர்களெல்லாம் உடம்பு எப்படி என்று விசாரிப்பார்கள். வேறென்ன பேர் வைப்பது? ஆனால் அவன் அந்தக் காலை ஊன்றவே இல்லை. நொண்டிக்கொண்டே வந்து என் முந்தானையில் அகத்திக்கீரையைத் தேடுவான். நொண்டி ஆட்டை உயிரோடு வைத்திருக்க மாட்டார்கள், நன்றாக நடந்தால் விட்டுவிடுவார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். மாரியம்மனிடம் போய், அவன் கால் சரியானால் வெள்ளித் தகட்டில் கால் வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

ஆடி முடிவதற்குள் நாலு காலும் ஊன்றி ஓடினான்.

"மாப்பிள்ளையை எப்ப வெளிய விடுவீக?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"விட முடியாது பாட்டி. நாடா எலும்போட எப்படி ஒட்டியிருக்குன்னு பாக்கணும்."

"தடவிப் பாத்தாத் தெரியாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வலிக்காம ஊசி போட்டுட்டு, முட்டியை எடுத்துத்தான் பாக்கணும். மொதல்லயே முடிவு பண்ணுனது பாட்டி."

மறுநாள் ஊசி போடப் போனபோது அவன் வேறு யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. அவனைக் கூப்பிடச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கீரையைக் காட்டினேன். துளி நொண்டல் இல்லாமல் ஓடி வந்தான்.

அம்மனைக் குறை சொல்ல முடியாது. காலைக் கேட்டேன், காலைக் கொடுத்தாள். உசிரையும் சேர்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லையே.

அந்த வெள்ளிக்கிழமை நேர்ந்தபடி வெள்ளித் தகட்டுக் காலை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உண்டியலில் போடும்போது பக்கத்து வீட்டுக்காரிகள் பார்த்துவிட்டார்கள்.

"யாருக்கு அப்பத்தா காலு?"

"எனக்குத்தான்டி. முட்டிவலி போயிருச்சு. இனிமே வீடு வீடா வந்து வெஞ்சனம் கேப்பேன், சட்டியை மூடி வைங்க" என்றேன்.