சிவப்புப் பெட்டியின் மேல் நான் போட்ட பழி

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் எது தேறும், எது குப்பை என்று நான் பேசி அனுப்பிய ஒரு ஒப்பீடு அதில் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு நிமிடம். தப்பித்தவறிக் காதில் விழுந்தால் எனக்கே குமட்டுகிறது. அந்தக் குரலில் இருக்கிற தெனாவட்டைச் சொல்கிறேன்.

தொழிலுக்கு நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். வல்லத்திராக்கோட்டையில் கடை. கருகிப்போன மோட்டாரை இறக்கிவைத்துவிட்டு வேலை முடிகிறவரை உட்கார்ந்து பேசுகிற ஆட்களின் பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, என்ன சொன்னோம்னு தெரியல, கோவிச்சுக்கிருச்சு" என்று மோட்டாரைச் சொல்வார் ஒருவர், பெண்டாட்டியைச் சொல்கிற முகத்தோடு. பாட்டுப் பதிவு எனக்கு லீவு நாள் பைத்தியம். செல்போனில் பார்த்துப் பார்த்து நானாகப் பழகியது. காதுகுத்துக்கு ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, அந்த மட்டில்தான்.

போன வருடம் என் அக்காவுக்குத் தொண்டையில் தைராய்டு கட்டி என்றார்கள். அக்கா ஒன்றாம் வகுப்பு டீச்சர். எழுத்து, எண், கிழமை, மழை, பல் தேய்ப்பது எல்லாவற்றுக்கும் அவளே பாட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். மொத்தம் பதினெட்டு. தஞ்சாவூரில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த டாக்டர், குரல் கொஞ்ச நாளைக்கு மாறலாம், சிலருக்கு மாறியபடியே நின்றுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். அக்கா நேராக என்னிடம் வந்தாள்.

"தம்பி, பதினெட்டையும் பிடிச்சுக் குடுத்துரு. குரல் போச்சுன்னா ஸ்பீக்கர்ல போட்டாவது ஓட்டிக்கிருவேன். பாட்டு இல்லாம அதுங்க முன்னாடி நிக்க எனக்குத் தெரியாதுடா."

ஆபரேஷனுக்கு நான்கு சனிக்கிழமைகள் இருந்தன. முதல் சனிக்கிழமையே செல்போனில் பிடித்துக் கொடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். எனக்கோ, அக்கா குரலைச் செல்போனில் பிடிப்பதா என்று ஒரு கௌரவம். நல்ல மைக் ஒன்று இருந்தது. அந்த மைக்கை லேப்டாப்போடு சேர்க்கிற சின்னப் பெட்டிதான் இன்டர்ஃபேஸ். எந்தப் பெட்டி என்று யூடியூபில் தேட ஆரம்பித்தேன். இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. ஒருவன் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதையே ஆறு நிமிடம் காட்டுகிறான். இன்னொருவன் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு, "வெண்ணெய் மாதிரி இருக்கு நண்பர்களே" என்கிறான். குமிழ் வெண்ணெயாக இருந்து யாருக்கு என்ன? அதில் ஒரு வரி பாடிக் காட்டினால்தான் என்ன? அதற்கு மட்டும் ஒருவனுக்கும் வாய் வராது. கடைசியில் நானே ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவன்களைத் திட்டிக்கொண்டே அவன்களில் ஒருவனாக ஆனேன்.

முதல் சனிக்கிழமை, ஆன்லைனில் வாங்கிய சிவப்புப் பெட்டி. அக்கா பள்ளிக்கூடம் முடிந்து ஸ்கூட்டியில் வந்து, எண் பாட்டைப் பாடினாள். ஹெட்போனில் அவள் குரலுக்கு அடியில் "ங்ங்ங்" என்று ஒரு இரைச்சல். கேபிளை மாற்றினேன், குமிழைக் குறைத்தேன், கூட்டினேன். ஒவ்வொரு தடவைக்கும் அக்கா முதலிலிருந்து பாடினாள். இருபது தடவை இருக்கும். ஹெட்போனை வாங்கிக் கேட்ட என் மனைவி, "ஏங்க, ரைஸ்மில்லுக்குப் பக்கத்துல நின்னு பாடுற மாதிரியில்ல இருக்கு" என்றாள். பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். காரணம் கேட்ட இடத்தில் "மட்டமான பொருள்" என்று எழுதினேன்.

இரண்டாவது, கருப்புப் பெட்டி. அறந்தாங்கியில் கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்கிற என் கூட்டாளியிடம் இரவல் வாங்கியது. அதன் குமிழ்களில் என்ன சிந்தியதோ, தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சாம்பிராணியும் வியர்வையும் கலந்து ஒரு வாடை. இதிலும் அதே இரைச்சல். போதாததற்கு, பாடுகிறவரின் குரல் ஹெட்போனுக்கு ஒரு இமைப்பொழுது தாமதமாக வந்தது.

"யாரோ பின்னாடி நின்னு என்னையப் பழிச்சிக்காட்டுற மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா. அன்றைக்கும் இருபது, இருபத்தைந்து தடவை.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கூட்டாளியிடம் நான் சும்மா இருக்கவில்லை. "இதை வச்சுக்கிட்டா மாப்ள கச்சேரி பண்றே?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே. ஒனக்கு எந்தப் பெட்டியும் ஒத்துக்காது மாப்ள. குடுமியான்மலைக்குப் போ, கல்லுல சங்கீதத்தை வெட்டி வச்சிருக்கான். இன்னைக்கு வரைக்கும் இரைச்சல் இல்ல."

மூன்றாவது, சாம்பல் நிறப் பெட்டி. கொஞ்சம் விலை கூட. அது வந்த சனிக்கிழமை எங்கள் பக்கம் காலையிலிருந்து கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பழைய லேப்டாப்பில் கால் மணி நேரத்துக்குத்தான் பேட்டரி நிற்கும். அதற்குள் அக்கா எண் பாட்டை மூன்று தடவை பாடினாள். அவ்வளவு சுத்தம். பாடுவதற்கு முன் அவள் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பேசி அனுப்பினேன். "சிவப்பைக் கையால தொடாதீங்க. கருப்பு, கச்சேரிக்காரன் தலையில கட்டுறது. காசு போனாலும் சாம்பல்தான்." நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

நான்காவது சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பதினெட்டையும் பாடி முடித்துவிடுவதென்று அக்கா காலையிலேயே வெந்நீர் பிளாஸ்கோடு வந்துவிட்டாள். சாம்பல் பெட்டியை மாட்டி ஹெட்போனைக் காதில் வைத்தேன்.

"ங்ங்ங்."

பெட்டியைத் தட்டினேன். கழற்றி மாட்டினேன். வாயில் வரக்கூடாததெல்லாம் வந்தது. அக்கா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் தொண்டையில இருக்குற கட்டிகூட இந்தச் சத்தம் போடலடா" என்றபடி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பப்போனவள், வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"என்னடா இது, கடிக்குது."

"என்ன கடிக்குது?"

"லேப்டாப்பு. ஓரத்துல இந்தத் தகரம். போன தடவை கடிக்கல. அதுக்கு முந்தி ரெண்டு தடவையும் கடிச்சுச்சு. ஒங்க மிஷினெல்லாம் அப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

போன தடவை கரண்ட் இல்லை. சார்ஜர் இல்லை.

கீழே குனிந்து சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்று கால் இருக்க வேண்டிய பிளக்கில் இரண்டுதான் இருந்தன. வீட்டில் இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு ஓட்டைக்காரன் என்பதற்காக, எர்த் காலை ரம்பத்தால் அறுத்துப் போட்டவன் நான்தான். இங்கே பாதி வீட்டில் இப்படித்தான் செய்கிறார்கள். யார் கடைக்கு வந்தாலும் "எர்த் இல்லாம ஓட்டாதீங்கண்ணே, ஆளைத் தூக்கிரும்" என்று காது புளிக்கச் சொல்கிறவன் நான். லேப்டாப்பின் உடம்பில் கசிந்து நின்ற கரண்ட்தான் ஹெட்போனில் இரைந்தது, அக்காவின் கையைக் கடித்தது. சிவப்புக்கும் கருப்புக்கும் அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்று வாரம் நான் ஒப்பிட்டது கரண்ட் இருந்த நாளையும் கரண்ட் இல்லாத நாளையும்.

"கடிச்சப்பவே சொல்றதுக்கென்ன?" என்று அவள்மேல் பாய்ந்தேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் பாய்ந்தேன்.

"நீ கரண்ட் வேலைக்காரன். நான் டீச்சர். நான் ஒனக்குச் சொல்லணுமா?" என்றாள்.

கடைக்கு ஓடி, மூன்று கால் பிளக்கும் எர்த் உள்ள பாக்ஸும் கொண்டுவந்து மாட்டினேன். மாட்டுகிற வேலை ஐந்து நிமிடம். ஹெட்போனில் சத்தமே இல்லை. அக்கா எழுத்துப் பாட்டை ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அவள் குரலைக் கேட்டேன். முதல் வாரம் இருந்த குரல் இல்லை. மேலே போகிற இடத்தில் கிழிந்தது. தொண்டையை அலட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். தம்பி ஆசையாகக் கேட்கிறானே என்று என்னிடம் சொல்லாமலே மூன்று சனிக்கிழமையும் ஒரே பாட்டைப் பாடித் தள்ளியிருக்கிறாள். நான் பெட்டியைச் சோதித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அரைத்துத் தீர்த்தது அவள் தொண்டையை.

ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் வெந்நீர் குடித்தாள். எழுத்து, எண், கிழமை, மழை, பல், காக்கா, கூட்டல். எட்டாவதை எடுக்கும்போது வெறும் காற்றுதான் வந்தது. இரண்டு தடவை முயன்றுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"போதும்டா. இதுக்கு மேல எழும்ப மாட்டேங்குது."

என் மனைவி பிளாஸ்கைக் கழுவிக் கொடுத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி சாதாரணக் கட்டிதான். குரல் மட்டும் திரும்பவில்லை. பேசினால் ஆண்பிள்ளைக் குரல் மாதிரி கட்டையாக வருகிறது. பாட்டு எடுத்தால் ஏறுவதில்லை. நடந்ததை ஒன்று விடாமல் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். இரண்டு பேர் பார்த்தார்கள். போன வாரம்கூட முகம் தெரியாத ஒருவர் கூப்பிட்டு, "ஒங்க பேச்சைக் கேட்டுட்டு சிவப்பு வாங்காம விட்டேன் அண்ணே, ரொம்ப நன்றி" என்றார். ச்சீ என்று இருந்தது. விளக்கிச் சொல்லச் சொல்ல, "பரவால்லண்ணே, பரவால்லண்ணே" என்று அவர் வைத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் கழித்து அக்கா வந்திருந்தாள்.

"ஏழும் நல்லா ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடுது."

"மிச்சம் பதினொண்ணு?"

"போன வருசப் பிள்ளைங்களை ரெண்டாம் வகுப்புலேர்ந்து கூப்பிட்டுப் பாடச் சொன்னேன். பாடுதுங்க. ராகத்தை அங்கிட்டு இங்கிட்டு இழுத்துருச்சுங்க. வண்டிப் பாட்டுல நான் எழுதாத வரி ரெண்டு சேத்துருக்குதுங்க." சிரித்தாள். சிரிப்பும் கட்டையாகத்தான் வந்தது.

"அப்ப ஒரு சனிக்கிழமை வந்து அதுங்க பாடுறதைப் பிடிச்சுத் தர்றேங்க்கா. இப்பத்தான் எல்லாம் சரியா இருக்கே."

அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

"சரியாத்தான் இருக்கும். ஆனா நீ ஒரு தடவையோட விட மாட்ட. இருபது தடவை பாடச் சொல்லுவ. பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்க பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்துறாதடா தம்பி."

கோபமில்லாமல்தான் சொன்னாள். நான் போகவில்லை.